இரண்டு வயதில் வளைந்த எலும்பு

கிளாஸ்கோ நகரின் நடுவில், ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு இடையே சரிவான ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் ஆளைவிடப் பெரிய ஊக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு இடுப்புத்துணி கட்டி மேலே குத்துவோமே, அந்த ஊக்குதான். ஜார்ஜ் வைலி என்ற சிற்பி செய்தது. 1860 முதல் 2001 வரை அந்த மேட்டில்தான் கிளாஸ்கோவின் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. தெருவின் பெயர் ராட்டன்ரோ. ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரியையும் அந்தப் பெயரால்தான் சொன்னார்கள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு வாசல் வளைவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

மகளின் பேறுகாலத்துக்காக அந்த ஊரில் இருந்தபோது, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு ஒரு மதியம் அங்கே போனேன். நான் பணிக்காலம் முழுவதும் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக இருந்தவள். கர்ப்பிணி முதல்தடவை வந்ததும் சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்ப்போம். 145 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அட்டையில் சிவப்பு மையில் 'ஹைரிஸ்க்' என்று எழுத வேண்டும். உயரம் ஏன் முக்கியம் என்பதைப் பயிற்சியில் ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தார்கள்: குள்ளமான பெண்ணுக்கு இடுப்புக்கூடு குறுகலாக இருக்கலாம். அவள் ஏன் குள்ளமானாள் என்று அந்தப் பாடத்தில் கிடையாது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களின் வரலாற்றில் ராட்டன்ரோ ஒரு முக்கியமான இடம்.

1888 ஏப்ரல் 10 அன்று அங்கே ஒரு பெண்ணுக்கு மர்டாக் கேமரன் என்ற டாக்டர் வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார். அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதில் ரிக்கெட்ஸ் நோய் வந்து எலும்புகள் வளைந்திருந்தன. வளர்ச்சி குன்றிய உடம்பு. பிள்ளை இறங்கி வர வழியில்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிரசவங்களில், தாயைக் காப்பாற்றப் பிள்ளையின் தலையைத் துளைத்துச் சுருக்கி வெளியே எடுப்பதுதான் வழக்கம். சிசேரியன் என்றால் தாய் பிழைப்பது அபூர்வம். ரத்தப்போக்கிலோ சீழ் வைத்தோ போய்விடுவாள். கேமரனுக்கு மூன்று விஷயங்கள் கைகொடுத்தன. எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் 1847-ல் பிரசவத்துக்குக் கொண்டுவந்த குளோரோஃபார்ம் மயக்கமருந்து. கிளாஸ்கோவிலேயே 1865-ல் ஜோசப் லிஸ்டர் தொடங்கிய கார்பாலிக் அமிலச் சுத்தம். லைப்சிக் நகரத்து மாக்ஸ் சேங்கர் 1882-ல் விளக்கி எழுதிய முறைப்படி, கர்ப்பப்பையைத் திறந்தபடி விடாமல் அடுக்கடுக்காகத் தைத்து மூடுவது. தாய், பிள்ளை இருவரும் பிழைத்தார்கள். நவீன சிசேரியனின் வரலாற்றைச் சொல்பவர்கள் அந்த நாளைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள்.

அறுவை சிகிச்சையின் வெற்றியாக மட்டுமே இது சொல்லப்படுவதில் எனக்கு மனக்குறை உண்டு. அந்தப் பெண்ணை மேசைக்குக் கொண்டுவந்த காரணம் கர்ப்பத்தில் உண்டானதில்லை. அவள் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோதே அவளுக்குள் உண்டாகிவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். இடுப்புக்கூட்டின் பின்பக்கம் சேக்ரம் என்ற எலும்பு இருக்கிறது. முதுகெலும்பு வந்து அதன்மேல் உட்காரும் இடத்தில் முன்பக்கமாக ஒரு மேடு. அதைப் புரோமன்ட்டரி என்பார்கள். அந்த மேட்டுக்கும் முன்னால் இருக்கும் அந்தரங்க எலும்புக்கும் நடுவேதான் பிள்ளையின் தலை இறங்க வேண்டும். அந்த இடைவெளி சாதாரணமாகச் சுமார் 11 சென்டிமீட்டர். பிறக்கப்போகும் பிள்ளையின் தலை குறுக்குவாட்டில் சுமார் 9.5 சென்டிமீட்டர். மிச்சம் கிடைப்பது ஒரு விரல் அகலம்தான்.

இப்போது ரிக்கெட்ஸ் வந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். வைட்டமின் டி இல்லாமல் எலும்பில் சுண்ணாம்புச் சத்து பிடிக்கவில்லை. எலும்பு மெத்தென்று இருக்கிறது. ஒன்று, ஒன்றரை வயதில் அது தரையில் உட்கார்கிறது. தலை, தோள், மார்பு எல்லாவற்றின் பாரமும் முதுகுத்தண்டு வழியே சேக்ரத்தின்மேல் இறங்குகிறது. மெத்தென்ற எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளப்படுகிறது. பிறகு வெயிலோ மீன் எண்ணெயோ கிடைத்து நோய் ஆறினாலும் எலும்பு தள்ளப்பட்ட நிலையிலேயே இறுகிவிடுகிறது. வட்டமாக இருக்க வேண்டிய வாசல் அவரைக்கொட்டை வடிவத்துக்கு வந்துவிடுகிறது. வெளியே பார்க்கப் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். பாவாடை கட்டி ஓடி ஆடுவாள், வேலைக்குப் போவாள், கல்யாணம் கட்டுவாள். இருபது வருஷம் கழித்து முதல் பிரசவ வலி எடுக்கும்போதுதான் தெரியும்.

பழைய மருத்துவச்சிகளும் டாக்டர்களும் இதைத் தெரிந்துகொண்டது விரலால். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே செலுத்திப் புரோமன்ட்டரி தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல இடுப்பில் விரல் எட்டாது. எட்டினால், தட்டுப்பட்ட தூரத்தைக் கையில் குறித்து, அதில் சுமார் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை கழித்துக்கொள்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இந்த அளவைப் புத்தகத்தில் எழுதிவைத்த வில்லியம் ஸ்மெல்லி கிளாஸ்கோவுக்குப் பக்கத்து லனார்க் ஊர்க்காரர். எங்கள் பயிற்சிப் பள்ளியில் உண்மையான இடுப்பெலும்பு ஒன்றை வைத்து இதைக் காட்டினார்கள். எலும்பைக் கையில் பிடித்து விரலை நீட்டிப் பார்த்தபோது, அந்த மேட்டை என்னால் தொட முடியவில்லை. அது நல்ல இடுப்பு.

கிளாஸ்கோவில் இந்த நோய் ஏன் அவ்வளவு குடிகொண்டது என்பதற்கு அந்த ஊரின் வரலாறே பதில். கப்பல் கட்டும் தளங்களும் இரும்பு உலைகளும் பெருகப் பெருக, அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். நூறு வருஷத்தில் நகரம் பல மடங்கு பெருத்து, 1901-ல் ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்தவர்களுக்குக் கிடைத்தது நாலு மாடிக் கல்கட்டடங்களில் ஒற்றை அறை வீடு. பின்கட்டு முற்றத்தில் வெயில் விழாது. ஊர் இருப்பது வடக்கே 56 பாகை அளவில். குளிர்காலச் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் மேலே வருவதில்லை. போதாததற்கு நிலக்கரிப் புகை. சாப்பாடு ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி, உருளைக்கிழங்கு, டீ. வைட்டமின் டி உடம்புக்குள் வருவதற்கு இருந்த இரண்டு வாசலும் அடைபட்ட ஊர்.

அப்போது வைட்டமின் என்ற பேச்சே கிடையாது. 1889-ல் பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் நாட்டில் ரிக்கெட்ஸ் எங்கே அதிகம் என்று கேட்டு வரைபடம் போட்டது. தொழில் நகரங்களில்தான் நோய் திரண்டிருந்தது. ஜப்பானில் மிஷன் டாக்டராக இருந்து திரும்பிய தியோபால்ட் பாம் என்பவர், ஏழைகள் நிறைந்த வெயில் நாடுகளில் இந்த நோயைக் காணோமே என்று யோசித்து, குறைவது வெயில்தான் என்று 1890-ல் எழுதினார். அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கிளாஸ்கோவின் மருத்துவர்கள் அடைந்து கிடப்பதும் ஓடி ஆடாததும்தான் காரணம் என்றார்கள். லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளை வெயிலில்லாத இடத்தில் வைத்து ஓட்ஸ் கஞ்சி கொடுத்து வளர்த்து நோயை வரவழைத்து, காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்துக் குணப்படுத்தினார். உணவுதான் காரணம் என்று 1919-ல் சொன்னார். அதே ஆண்டில் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, நோய் வந்த பிள்ளைகளைப் பாதரச விளக்கின் ஒளியில் படுக்கவைத்தே குணப்படுத்தினார். இரண்டு கட்சியும் சரிதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது ஹேரியட் சிக் தலைமையில் லண்டனிலிருந்து வியன்னாவுக்குப் போன பெண்கள் குழு. முதல் உலகப்போர் முடிந்து பசியில் கிடந்த வியன்னாவின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், எண்ணெயும் வேலைசெய்யும், வெயிலும் வேலைசெய்யும் என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

இந்த விவாதம் நடந்த காலமெல்லாம் பழி ஏழைத் தாயின் தலையில்தான் விழுந்தது. வீட்டைச் சுத்தமாக வைக்கத் தெரியவில்லை, பிள்ளைக்கு ஊட்டத் தெரியவில்லை என்று. ஒற்றை அறையும் புகையும் அவள் தேர்ந்தெடுத்தவையா? இந்தப் பழி இன்னும் ஓயவில்லை. அதனால்தான் இதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.

பழி சுமந்த அந்தத் தாய்மார்களை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் டுகால்ட் பேர்ட். கிளாஸ்கோவில் படித்து 1922-ல் டாக்டரானவர். ஒற்றை அறை வீடுகளுக்கு மாடியேறிப் போய்ப் பிரசவம் பார்த்தும், ராட்டன்ரோவில் வேலை செய்தும், வளைந்த இடுப்புக்கூடுகளோடு மல்லுக்கட்டியவர். 1937 வாக்கில் வடக்கே அபர்தீன் நகரத்துக்குப் பேராசிரியராகப் போனார். அபர்தீன் கைக்கு அடங்கிய ஊர். பிரசவங்களில் பெரும்பகுதி ஒரே ஆஸ்பத்திரியில் நடந்தது. அங்கிருந்து பெண்கள் அதிகம் வெளியூர் போவதுமில்லை. ஒவ்வொரு பிரசவத்தையும் ஒழுங்காக எழுதிவைத்தால் ஒரு தலைமுறையையே படிக்கலாம் என்று பேர்ட் கண்டார். 1950-ல் தொடங்கிய அந்தப் பதிவேடு இன்றும் நடக்கிறது. ஒரு பெண் பிறந்தபோது எழுதிய குறிப்பையும், அவளே தாயாக வந்தபோது எழுதிய குறிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்த இடங்கள் உலகில் மிகச் சில. என் வேலையில் பாதி பதிவேடு எழுதுவதாகவே இருந்தது என்பதால் சொல்கிறேன், அதைவிடப் பெரிய தானம் ஒரு செவிலியர் உலகத்துக்குச் செய்ய முடியாது.

பேர்ட் தன் குழுவில் டாக்டர்களோடு சமூகவியல் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ரேமண்ட் இல்ஸ்லி ஒருவர். கர்ப்பிணியின் புருஷன் என்ன வேலை என்று எல்லா ஆஸ்பத்திரியும் கேட்கும். இல்ஸ்லி அவளுடைய அப்பாவின் வேலையையும் பார்த்தார். 1955-ல் அவர் எழுதியதன் சாரம் இது: கூலிக்காரர் வீட்டில் பிறந்து, வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்கள், அதே வீடுகளில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர்களைவிட உயரமானவர்கள், நலம் கூடியவர்கள், அவர்களுக்கு இறந்து பிறக்கும் பிள்ளைகளும் குறைவு. கல்யாணத்துக்கு முன்பே, வளர்ந்த வீட்டிலேயே, பாதி தீர்மானமாகிவிடுகிறது. வளரும் வயதில் பெண்ணுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பது அவளுடைய உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. குட்டையான பெண்களுக்குச் சிசேரியனும் பிள்ளைச் சாவும் அதிகம் என்பதை அபர்தீன் பதிவேடு திரும்பத் திரும்பக் காட்டியது. ரிக்கெட்ஸ் குறைந்த பிறகும் இந்த வித்தியாசம் போகவில்லை. கடைசிக் காலத்தில் பேர்ட் இன்னும் பின்னோக்கிப் போனார். 1930களையொட்டிய வேலையில்லாத வறுமைக் காலத்தில் பிறந்த பெண்கள், இருபது முப்பது வருஷம் கழித்து நல்ல சம்பளமும் நல்ல சாப்பாடும் வந்த நாளில் பிள்ளை பெற்றபோதும், எடை குறைந்த பிள்ளைகளை அதிகம் பெற்றார்கள் என்று எழுதினார்.

பசியின் வரலாற்றில் இதற்கு இன்னொரு சாட்சி ஹாலந்து. 1944 செப்டம்பரில் நேசநாட்டுப் படைக்கு உதவியாக டச்சு ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்கு ஜெர்மன் ராணுவம் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போவதைத் தடுத்தது. பிறகு படகில் கொண்டுபோகலாம் என்று தளர்த்தியபோது கால்வாய்கள் உறைந்துபோயின. நவம்பர் முடிவுக்குள் ஆள் ஒன்றுக்கு ரேஷன் நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போனது. பின்னர் அதில் பாதியும் கிடைக்காத வாரங்கள் வந்தன. ஆம்ஸ்டர்டாமில் டூலிப் பூக்கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை வருவதற்குள் சுமார் 20,000 பேர் செத்தார்கள். அந்தச் சமயத்தில் வயிற்றிலிருந்த பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தக் குளிர்காலத்தில் சிறுமிகளாக இருந்தவர்களின் கதை. பல ஆண்டுகள் கழித்து உட்ரெக்ட் நகரத்து ஆய்வாளர்கள் அவர்களைக் கேட்டுப் பார்த்தபோது, கடும் பசியைக் கண்டவர்களுக்கு மாதவிடாய் சீக்கிரம் நின்றிருந்தது. உடல்நலக் காரணத்தால் பிள்ளை இல்லாமலோ, வேண்டியதைவிடக் குறைவாகவோ இருந்தவர்களும் அவர்களில் கூடுதல். ஆறு மாதப் பசிதான். ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து வந்திருக்கிறது.

எலும்பும் பசியும் அளக்கக் கூடியவை. அடி, பயம், வீட்டுக்குள்ளேயே நடக்கும் பாலியல் கொடுமை, குடித்துவிட்டு வந்து அம்மாவை உதைக்கும் அப்பா ஆகியவற்றை எந்த அளவுகோலால் அளப்பது? அவற்றை அளக்கும் முயற்சி தொடங்கியது பிரசவ வார்டுக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில். 1980களின் நடுவில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர், உடல் பருத்தவர்களுக்கு எடை குறைக்கும் சிகிச்சை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுவிடுவது ஏன் என்று புரியாமல், ஒவ்வொருவரையும் உட்காரவைத்து வாழ்க்கைக் கதையைக் கேட்டார். முதல்முறை ஓர் ஆணோடு உறவு ஏற்பட்டபோது எடை என்ன என்ற கேள்விக்கு ஒரு பெண் 40 பவுண்டு என்றாள். அது நாலைந்து வயதுக் குழந்தையின் எடை. அப்பாதான் செய்தது என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அதைத் தொடர்ந்து, அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் அண்டாவோடு சேர்ந்து ஃபெலிட்டி நடத்திய பெரிய ஆய்வின் முதல் கட்டுரை 1998-ல் வந்தது. 17,000-க்கு மேற்பட்டவர்கள் அந்த ஆய்வில் பங்குகொண்டார்கள். சேரி ஜனங்கள் இல்லை. வேலையும் மருத்துவக் காப்பீடும் உள்ள நடுத்தர வர்க்கம். முதல் கட்டுரையில் இடம்பெற்றவர்களில் பாதிக்கு மேல், குழந்தைப் பருவத்தில் ஒரு கொடுமையாவது அனுபவித்ததாகச் சொன்னார்கள். 2004-ல் அதே தரவிலிருந்து வந்த இன்னொரு கட்டுரை கர்ப்பத்தைப் பற்றியது. அப்படிப்பட்ட அனுபவம் ஒன்றுமே இல்லாத பெண்களில் 16 சதவீதம் பேர் பத்தொன்பது வயதுக்குள் கர்ப்பமானார்கள். ஏழு, எட்டு வகைக் கொடுமைகளைப் பட்டவர்களில் 53 சதவீதம். முதல் கர்ப்பத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறப்பதும் கொடுமைகளின் எண்ணிக்கையோடு கூடியது.

என்னை உலுக்கியது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவில் 1989-ல் தொடங்கிய ஒரு நெடுங்கால ஆய்வில் 1,16,000-க்கு மேற்பட்ட பெண் செவிலியர்கள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே எழுதி அனுப்பிவந்தார்கள். 2001-ல் அவர்களிடம் சிறுவயதில் பட்ட அடி, பாலியல் வன்முறை பற்றியும் கேட்டார்கள். எங்கள் தொழிலைச் சேர்ந்த பெண்கள், அடுத்தவர் காயத்துக்கு மருந்து போடுகிறவர்கள், சொந்தக் காயத்தைத் தாளில் எழுதி அனுப்பினார்கள். கடுமையாக அடிபட்டவர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் கூடுதலாக வந்திருந்தது அதில் தெரிந்தது.

பயத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? சின்ன வயதிலிருந்தே எந்த நேரம் அடி விழுமோ என்று காத்திருந்த உடம்பில், பதற்றம் வந்தால் சுரக்கும் கார்ட்டிசோலின் ஒழுங்கு குலைந்துபோகலாம். கார்ட்டிசோல் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். தொடர்ந்து இருந்தால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியே இன்சுலினுக்கு எதிராக வேலைசெய்யும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஏற்கெனவே களைத்திருக்கும் உடம்புக்கு அது கூடுதல் சுமை. குறைமாதப் பிரசவம், கர்ப்பகால ரத்தக்கொதிப்பு, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஆகியவற்றோடும் இந்தத் தொடர்பு பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தொடர்பு என்றால் விதி என்று பொருளில்லை. கொடிய பிள்ளைப் பருவத்தைக் கடந்துவந்த பெரும்பாலான பெண்கள் நல்லபடியாகத்தான் பெற்றுப் பிழைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்கிறோம். டாக்டர் வி. சேஷையா முன்னின்று கொண்டுவந்தது. இந்தியாவுக்கே இது முன்மாதிரி. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுப்போம். திகட்டுகிறது என்று முகம் சுளித்தபடி குடித்துவிட்டு, அந்த இரண்டு மணி நேரமும் பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மாமியார் டீ குடிக்க வெளியே போயிருப்பார். பேச்சு தானாக வரும். நான் அவர்களைத் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஒருத்தி 141 சென்டிமீட்டர். தலைப்பிள்ளை. பூர்வீகமாகக் குள்ளமோ என்று கேட்டேன்.

"இல்ல நர்ஸக்கா, எங்கம்மா உசரந்தான். எங்க அண்ணனும் உசரம். நான் ஆறு வயசுலயே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிட்டேன். விடியுமுன்னே வண்டி வந்துரும். தூக்கத்தோட ஏத்தி விட்ருவாக. கட்டை அடுக்கணும். இருட்டுனப்புறந்தான் வீடு."

"சாப்பாடு?"

"தூக்குச்சட்டில கஞ்சி. பல நாள் புளிச்சுப் போயிரும்."

"அடிப்பாங்களா?"

கையிலிருந்த தம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள். "அத விடுங்க நர்ஸக்கா" என்றாள்.

கரிசல் காட்டில் அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு இது பொதுக்கதை. விடியுமுன்னே வந்த அந்த வண்டிகள் நின்றுபோனதில் எனக்கு இருக்கும் நிம்மதியைச் சொல்லி முடியாது. அந்தப் பெண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் ஆனது. பிள்ளை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இருவரும் நலம். அவளுடைய அட்டையில் உயரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. 141 என்று எழுதினேன். தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டம் இல்லை. 'அத விடுங்க' என்றாளே, அதற்கும் இல்லை.

பிரசவ அறையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். உள்பரிசோதனை என்றதும் சில பெண்கள் தொடைகளை இறுக்கிக்கொள்வார்கள், உடம்பு நடுங்கும், மேசையில் பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள். "இப்ப மட்டும் என்ன வெக்கம்" என்று அதட்டுகிற குரல்கள் நம் வார்டுகளில் சகஜம். வெட்கமாகவே இருக்கலாம். எட்டு வயதில் ஒருவன் செய்த கொடுமை அந்த நொடியில் திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். கை வைப்பதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வதற்கும், "நிறுத்தச் சொன்னா நிறுத்திடுவேன்மா" என்று வாக்குக் கொடுப்பதற்கும் ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் கொடுத்தால் எல்லாருக்கும் வேலை சுலபமாகிறது என்பது என் அனுபவம்.

அதற்காக எல்லாக் கர்ப்பிணிகளிடமும் ஒரு படிவத்தை நீட்டிச் சிறுவயதுக் கொடுமைக்கு மதிப்பெண் போடச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த ஆய்வை நடத்திய ராபர்ட் அண்டாவே, ஜனத்தொகையை ஆராய்வதற்காகச் செய்த கணக்கைத் தனி ஆளை எடைபோடப் பயன்படுத்தாதீர்கள் என்று 2020-ல் எழுதினார். கேட்டுவிட்டுக் கைவிடுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். புருஷனோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்பது ஆபத்து.

இத்தனை வரலாற்றிலும் எனக்குத் தெம்பு தருவது நம் நாட்டிலிருந்தே வந்த ஒரு செய்தி. பள்ளியில் மதிய உணவு நமக்குப் பழைய விஷயம். 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது, 1956-ல் காமராஜர் மாநிலத் திட்டமாக்கினார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க உத்தரவிட்டது. இந்தத் தட்டில் சாப்பிட்ட சிறுமிகள் தாயானபோது என்ன ஆனது என்று நாடு தழுவிய தரவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வொன்று, 2021-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. பள்ளியில் சோறு கிடைத்த பெண்களின் பிள்ளைகள், கிடைக்காத பெண்களின் பிள்ளைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தோடு இருந்தார்கள். அந்தப் பெண்கள் கூடுதலாகப் படித்து, கொஞ்சம் தாமதமாகப் பிள்ளை பெற்று, கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் ஒழுங்காக வந்திருந்தார்கள்.

ராட்டன்ரோவில் அந்தப் பெண்ணின் வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுக்க ஒரு மகத்தான டாக்டர் தேவைப்பட்டார். அவளுடைய இரண்டாவது வயதில் தினம் ஒரு கரண்டி மீன் எண்ணெய் கிடைத்திருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது. தாய் இறப்பைக் குறைக்கும் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பெண் குழந்தையின் சாப்பாட்டையும், அவள் வீட்டில் பயமில்லாமல் தூங்குவதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். அவள்தான் இருபது வருஷம் கழித்து நம் சுவரோரம் உயரம் பார்க்க வந்து நிற்கப்போகிறவள்.

எனக்குப் பின்னால் வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். குளுக்கோஸ் குடித்துவிட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை ரிஜிஸ்டர் எழுதியே தீர்க்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். "சின்ன வயசுல எங்கம்மா வளர்ந்த?" என்று மட்டும் கேளுங்கள், மீதியை அவளே சொல்வாள், சொல்லாவிட்டாலும் கேட்க ஒரு ஆள் உண்டு என்று தெரிந்துகொள்வாள். அட்டையின் பின்பக்கம் மூன்று எண்களை எழுதிக்கொடுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல உதவிக்கு 14416. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது.